பெரிய ஆர்.சி. வண்டியின் சக்கரத்தைத் திருப்ப எவ்வளவு பலம் வேண்டும்?

எச்பிஐ பாஹா 5பி போன்ற, நிஜ வண்டியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள, ரிமோட்டில் ஓடும் பெட்ரோல் பக்கியில், சின்ன காருக்கான 10 கிலோ சர்வோ (சிக்னல் சொல்லும் கோணத்துக்கு ஷாஃப்ட்டைத் திருப்பும் மோட்டார்ப் பெட்டி) ஒன்றை மாட்டி, சிமெண்ட் தரையில் நிறுத்திவைத்து ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பிப் பாருங்கள். வண்டியின் எடை சுமார் 10 கிலோ. ஓடும்போது சொன்னபடி கேட்ட சக்கரம், நின்ற இடத்தில் பாதிவரை வந்து முரண்டு பிடிக்கும். சர்வோவிலிருந்து முனகல் மட்டும் வரும். உள்ளே மோட்டார் சுற்ற முடியாமல், வருகிற மின்சாரத்தை எல்லாம் சூடாக மாற்றிக்கொண்டிருக்கிறது.

இதுவே வெல்டிங் செய்து கையால் கட்டிய, 40 கிலோ எடையுள்ள மாடல் லாரியாகவோ டிராக்டராகவோ இருந்தால், கடையில் கிடைக்கும் பெரும்பாலான சர்வோக்களுக்கு அங்கே வேலையே இல்லை. பெரிய மாடல்களுக்கென்றே வரும் ஹைடெக் எச்எஸ்-805பிபி, 6 வோல்ட்டில் சுமார் 25 கிலோ-செ.மீ. தருகிறது, அதாவது அச்சிலிருந்து 1 செ.மீ. தள்ளி 25 கிலோவை இழுக்கும் முறுக்குவிசை. சாவாக்ஸ் எஸ்வி-0236எம்ஜி 7.4 வோல்ட்டில் 40 தருகிறது. அதற்கு மேலே போகப் போக விலையும் ஏறும்; தொழிற்சாலை ரோபோக்களுக்கான சர்வோ என்றால் விலை, மொத்த வண்டியின் செலவைத் தொட்டுவிடும். அதனால்தான் பெரிய வண்டி கட்டுகிறவர்கள் சர்வோவையும் தாங்களே கட்டத் தொடங்குகிறார்கள்.

இதில் இறங்குகிறவர்கள் முதலில் யோசிப்பது முறுக்குவிசையை. என் பார்வையில் அதுதான் இந்த வேலையின் சுலபமான பகுதி. எவ்வளவு சிறிய மோட்டாராக இருந்தாலும் போதுமான கியர் போட்டால் எவ்வளவு முறுக்குவிசை வேண்டுமானாலும் கிடைக்கும். அதை வேகம் குறையாமல் பெறுவதும், கல்லில் மோதும்போது சக்கரத்திலிருந்து திரும்பி வரும் அடியைத் தாங்க வைப்பதும்தான் உண்மையான வேலை.

முதலில் தேவையைக் கணக்குப் போட்டுவிடலாம். நின்ற இடத்தில் ஒரு சக்கரத்தைத் திருப்பத் தேவையான முறுக்குவிசைக்கு நல்ல தோராயக் கணக்கு ஒன்று உண்டு. டயரின் அகலத்தை வர்க்கமாக்கி 8-ஆல் வகுக்க வேண்டும். சக்கரம் எதைச் சுற்றி இடம் வலமாகத் திரும்புகிறதோ அந்தக் கிங்பின் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரத்தை வர்க்கமாக்கி அதோடு கூட்ட வேண்டும். கூட்டலின் வர்க்கமூலத்தை, அந்தச் சக்கரத்தின் மேல் விழும் எடையாலும் தரையின் உராய்வாலும் பெருக்கினால் விடை வந்துவிடும்.

பாஹா அளவு வண்டிக்கு: முன்சக்கரம் ஒன்றுக்கு 2 கிலோ, டயர் அகலம் 6 செ.மீ., கிங்பின் தூரம் 3 செ.மீ., உராய்வு 0.8 என்று வைத்துக்கொண்டால் ஒரு சக்கரத்துக்கு ஏறத்தாழ 6 கிலோ-செ.மீ. இரண்டுக்கும் 12. பத்து கிலோ சர்வோ ஏன் முனகியது என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது. நம் 40 கிலோ லாரிக்கு: சக்கரம் ஒன்றுக்கு 10 கிலோ, டயர் 10 செ.மீ., கிங்பின் தூரம் 5 செ.மீ. என்றால் ஒரு சக்கரத்துக்கு 49, இரண்டுக்கும் 98 கிலோ-செ.மீ. 100 என்றே வைத்துக்கொள்வோம்.

மோட்டார் வாங்கக் கிளம்பும் முன் இந்தக் கணக்கில் இன்னொரு தடவை கண்ணை ஓட்டுவது நல்லது. அதே லாரியில் கிங்பின் தூரத்தை 5 செ.மீ.யிலிருந்து 2 செ.மீ.க்குக் குறைத்தால் மொத்தத் தேவை 98-லிருந்து 65-க்கு இறங்கிவிடுகிறது. சக்கரத்தைக் கிங்பின்னை நோக்கி உள்ளே தள்ளும் வேறு ஆஃப்செட் உள்ள ரிம், கொஞ்சம் சாய்த்து வைத்த கிங்பின், இவ்வளவுதான் செலவு. மூன்றில் ஒரு பங்கு பாரம் இல்லாமலே போய்விடும். முன்னச்சை வடிவமைக்கும்போதே இதைப் பார்க்காமல் விட்டுவிட்டு, அப்புறம் சர்வோவை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போகும் வண்டிகள் ஏராளம். லீவர் நீளங்களும் அப்படித்தான். சர்வோ ஹார்ன் (ஷாஃப்ட்டில் மாட்டும் கை) 3 செ.மீ., சக்கரத்தின் ஸ்டியரிங் ஆர்ம் 4 செ.மீ. என்று வைத்தால் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்கு கூடும். பதிலுக்குச் சக்கரம் திரும்பும் கோணம் குறையும்.

சரி, 100 கிலோ-செ.மீ. வேண்டும். அப்படியானால் "100 கிலோ" என்று பெட்டியில் எழுதிய சர்வோ ஒன்று வாங்கினால் போதாதா? போதாது. பெட்டியில் போடும் முறுக்குவிசை, மோட்டார் நின்றே போகும் நிலையில் அளந்தது. பக்கத்தில் போட்டிருக்கும் வேகமோ, எந்தப் பாரமும் இல்லாமல் காற்றில் சுழலவிட்டு அளந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது. பிரஷ் வைத்த டிசி மோட்டார் தன் அதிகபட்ச சக்தியைத் தருவது, பாதி முறுக்குவிசையும் பாதி வேகமும் இருக்கும் இடத்தில். அதாவது பெட்டியில் உள்ள இரண்டு எண்களையும் பெருக்கினால் வருவதில் கால் பங்கு. சாவாக்ஸின் 40 கிலோ-செ.மீ., 60 பாகைக்கு 0.17 நொடி என்பதைப் பெருக்கினால் 24 வாட் வரும். சர்வோவால் நிஜத்தில் தர முடிவது அதிகம் போனால் 6 வாட்.

நம் லாரிக்கு 100 கிலோ-செ.மீ. என்பது வேலை செய்யும்போது தேவைப்படுவது. 60 பாகையை கால் நொடியில் கடக்க வேண்டும் என்று வைத்தால், அது சுமார் 41 வாட். கியர்களில் 30 சதவீதம் வீணாகும் என்று எடுத்தால் மோட்டார் 60 வாட் தர வேண்டும். 12 வோல்ட்டில், பாரமில்லாமல் 6000 ஆர்.பி.எம். சுற்றும் ஒரு மோட்டார் பாதி வேகத்தில், அதாவது 3000-இல், அந்த 60 வாட்டைத் தரும்போது 10 ஆம்பியர் இழுக்கும். சக்கரம் ஒரு பள்ளத்தில் மாட்டி முழுதாக நின்றுவிட்டால் 20 ஆம்பியர். கடைசி ஷாஃப்ட் 40 ஆர்.பி.எம்.மில் சுற்ற வேண்டும். ஆகவே கியர் விகிதம் 75-க்கு 1. நின்ற நிலையில் இந்த அமைப்பு 200 கிலோ-செ.மீ. தரும். தேவையைப் போல இரண்டு மடங்கு ஸ்டால் முறுக்குவிசை (நின்ற நிலையில் தருவது) வேண்டும் என்று அனுபவக்காரர்கள் சொல்வது வெறும் பாதுகாப்புக்காக மட்டும் சொல்வதில்லை. மோட்டார் தன் சக்தி முழுவதையும் தரும் இடம் அந்தப் பாதிதான்.

இப்போது மோட்டாருக்கு எங்கே போவது? சுலபமாகக் கையில் சிக்குவது கார் வைப்பர் மோட்டார். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை போனால் போதும். பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ் செய்தவையே நிறையக் கிடைக்கும். வைப்பர் மோட்டாருக்குள் வோர்ம் கியர் (திருகுபோன்ற ஷாஃப்ட் ஒரு பல்சக்கரத்தைச் சுற்றும் அமைப்பு) ஏற்கெனவே இருக்கிறது. மெதுவான வேகத்தில் 40 ஆர்.பி.எம். பக்கம் சுற்றும், நின்ற நிலையில் 200 முதல் 300 கிலோ-செ.மீ. வரை தரும். நம் கணக்கில் வந்த எண்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் சக்தியில் கொஞ்சம் பின்தங்கும். 250 கிலோ-செ.மீ. தரும் வைப்பர் மோட்டார் 100 கிலோ-செ.மீ. பாரத்தில் 24 ஆர்.பி.எம்.முக்கு இறங்கிவிடும், 60 பாகைக்கு 0.4 நொடிக்கு மேல் ஆகும். லாரிக்கும் டிராக்டருக்கும் இது தாராளம். வேகமாக ஓடும் பக்கிக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வைப்பர் மோட்டாரில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று, கையேடுகளில் அதிகம் வராதது. பல மோட்டார்களில், குறிப்பாகப் பழையவற்றில், எதிர்மின் பிரஷ் நேராக மோட்டாரின் இரும்பு உடலோடு இணைந்திருக்கும். காரில் உடலே எர்த் என்பதால் அங்கே பிரச்சினை இல்லை. நாம் மோட்டாரை இரு திசையிலும் ஓட்டுகிறோம். திசை மாறும்போதெல்லாம் அந்த உடலில் பேட்டரியின் முழு வோல்டேஜும் ஏறும். வண்டியின் சேஸிஸ் பேட்டரியின் நெகடிவோடு எங்காவது தொட்டுக்கொண்டிருந்தால் அந்த நொடியே ஷார்ட். மல்டிமீட்டரை வைத்து, உடலுக்கும் ஒவ்வொரு ஒயருக்கும் இடையில் தொடர்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், பிரஷ் தட்டைக் கழற்றி அந்த இணைப்பை வெட்டித் தனி ஒயர் வெளியே கொண்டுவர வேண்டும். அல்லது மோட்டாரை நைலான் புஷ், ஃபைபர் தகடு வைத்து சேஸிஸிலிருந்து பிரித்துவிட வேண்டும். ஒரே திசையில் சுற்றுவதற்காக வடிவமைத்த மோட்டார் என்பதால், திசை மாறும்போது வோர்ம் ஷாஃப்ட் முன்னும் பின்னும் இடிபடும். ஷாஃப்ட் முனையில் அதைச் சரிசெய்யும் திருகு இருந்தால், ஆட்டம் போகும் வரை முடுக்கி, பிடித்துக்கொள்வதற்கு முன் நிறுத்துங்கள்.

அடுத்த வழி, பேட்டரி டிரில். அதில், நடுக் கியரைச் சுற்றிச் சின்னக் கியர்கள் சுழலும் பிளானட்டரி கியர்பாக்ஸ் இருக்கிறது. 12 வோல்ட் டிரில் மெதுவான கியரில் பெரும்பாலும் 400 ஆர்.பி.எம். பக்கம் சுற்றும். வெளியே செயின் ஸ்ப்ராக்கெட்டோ ஸ்பர் கியரோ வைத்து இன்னொரு 5-க்கு 1 குறைத்தால், பாரத்தில் நமக்கு வேண்டிய 40 வந்துவிடும். பிளானட்டரியில் மூன்று கியர்கள் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்வதால் பல் உடைவது குறைவு. வோர்மைவிட வீணாகும் சக்தியும் குறைவு. செயினின் தொய்வு மட்டும் தலைவலி. அதைப் பற்றிக் கட்டுப்பாட்டுப் பகுதியில் சொல்கிறேன்.

இரண்டு சாதாரண சர்வோக்களை ஒரே லிங்க்கில் (ஹார்னையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியில்) மாட்டினால் என்ன என்ற கேள்வியும் அடிக்கடி வரும். முறுக்குவிசை கூடும் என்பது உண்மை. ஆனால் இரண்டின் நடு நிலையும் கடைசி நிலையும் துல்லியமாக ஒத்துப்போகாவிட்டால், ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சும்மா நிற்கும்போதும் சூடாகும். அமெரிக்காவின் சர்வோசிட்டி விற்கும் கியர்பாக்ஸ்கள் வேறு வழியைப் பிடித்தன: சாதாரண சர்வோவின், ஷாஃப்ட் இருக்கும் கோணத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரை வெளியே எடுத்து, கூடுதல் கியருக்கு அப்பால் உள்ள ஷாஃப்ட்டில் மாட்டினார்கள். 5-க்கு 1 கியர் என்றால் ஐந்து மடங்கு முறுக்குவிசை, ஐந்தில் ஒரு பங்கு வேகம். சக்தி மட்டும் கூடுவதில்லை.

பல்லைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முடியாது. கடைசி கியரின் ஆரம் 2 செ.மீ. என்றால், 200 கிலோ-செ.மீ.யில் பற்கள் சந்திக்கும் இடத்தில் 100 கிலோ விசை. அதே கியர்பாக்ஸின் முதல் கட்டத்தில் சில கிலோதான். அதனால் முதல் கட்டத்தில் நைலான் கியர் இருந்தால் பரவாயில்லை, சத்தமும் குறையும். கடைசி இரண்டு கட்டங்களும் ஸ்டீலாக இருக்க வேண்டும்; பித்தளை அங்கே தேய்ந்துவிடும். ஷாஃப்ட்டையும் அப்படியே பாருங்கள். 4 செ.மீ. ஹார்னில் 200 கிலோ-செ.மீ. என்றால் லிங்க்கை 50 கிலோ இழுக்கிறது; அந்த இழுப்பு முழுவதும் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் வளைக்கப் பார்க்கும். ஹார்னுக்கு இரு பக்கமும் பால் பேரிங் வைத்துத் தாங்குவதுதான் முறை. ஒற்றை புஷ்ஷில் தொங்கவிட்டால் சில வாரங்களில் புஷ் முட்டை வடிவமாகி, கியர்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். உறையை 3டி பிரிண்டில் செய்கிறவர்கள் பிஎல்ஏவைத் தவிர்க்கவும். அது 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் மூடிய பாடிக்குள் சூடான மோட்டாரின் பக்கத்தில் அது சாதாரண வெப்பம். 6 மி.மீ. அலுமினியத் தகடுகள் இரண்டை ஸ்பேஸர் வைத்து முடுக்கினால் வலுவும் கிடைக்கும், சூடும் வெளியே போகும்.

கியர் உடைவது பெரும்பாலும் சக்கரத்தைத் திருப்பும்போது நடப்பதில்லை. வேகமாகப் போகிற 40 கிலோ வண்டியின் ஒரு முன்சக்கரம் கல்லில் மோதும்போது நடக்கிறது. அந்த அடி லிங்க் வழியாகத் திரும்பி கியர்பாக்ஸுக்குள் வரும். ஸ்பர் கியராக இருந்தால் மோட்டாரையே பின்னோக்கிச் சுற்றி அடியின் ஒரு பகுதி தணியும். வோர்ம் பின்னோக்கிச் சுற்றாது. அதனால் அடி முழுவதும் ஒன்றிரண்டு பற்களில் விழும். வைப்பர் மோட்டாரில் அந்தப் பற்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். வோர்ம் வைத்தால், அடி பலமானால் விட்டுக்கொடுக்கும் சர்வோ சேவர் கட்டாயம். ஸ்பிரிங் வைத்த சேவரை வேலை செய்யும் முறுக்குவிசைக்குச் சற்று மேலே, நம் லாரிக்கு 120 அல்லது 130 கிலோ-செ.மீ.யில், விட்டுக்கொடுக்கும்படி முடுக்க வேண்டும்.

நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரை சேவருக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? ஸ்பிரிங் சேவர் என்றால் முன்னால், அதாவது கியர்பாக்ஸின் ஷாஃப்ட்டில். பின்னால் வைத்தால், சக்கரம் அடிபட்டு ஸ்பிரிங் வளையும்போதெல்லாம் கட்டுப்பாட்டு போர்டு அதைத் தவறு என்று நினைத்து மோட்டாரை எதிர்ப்பக்கம் விரட்டும். டிரில்லின் கிளட்ச்சையே சேவராகப் பயன்படுத்தினால் எல்லாம் தலைகீழ். கிளட்ச் வழுக்கிய பிறகு பழைய இடத்துக்குத் தானாகத் திரும்பாது. அங்கே பொட்டென்ஷியோமீட்டர் கிளட்ச்சுக்கு அப்பால்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் வழுக்கிய அளவைப் போர்டு தானே சரிசெய்துகொள்ளும்.

மின்சாரப் பக்கம் வருவோம். ரிசீவரிலிருந்து வரும் சிக்னல் எளிமையானது: நொடிக்கு 50 தடவை ஒரு பல்ஸ், அதன் நீளம் 1 மில்லிநொடி முதல் 2 வரை, நடுவில் 1.5. போர்டு இந்த நீளத்தை ஷாஃப்ட்டின் நிலையோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருக்கும் வரை மோட்டாரை ஓட்டும். சின்ன சர்வோவின் போர்டும் இதைத்தான் செய்கிறது. அதன் டிரான்சிஸ்டர்கள் 20 ஆம்பியரைத் தாங்காது, அவ்வளவுதான். பெரிய சர்வோவுக்கு நிரல் எழுதி ஓட்டும் ஆர்டுயினோ போர்டு ஒன்றும், மோட்டாரை இரு திசையிலும் ஓட்டும் பிடிஎஸ் 7960 எச்-பிரிட்ஜ் மாட்யூலும் போதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டும் கிடைக்கும். மாட்யூலின் மேல் 43 ஆம்பியர் என்று இருக்கும். கூடவே வரும் சின்ன ஹீட் சிங்க்கோடு அதை நம்பிவிட வேண்டாம். நம் 20 ஆம்பியர், அதுவும் சில நொடிகளுக்கு, தாராளமாகத் தாங்கும்.

ரிசீவருக்கும் மோட்டாருக்கும் ஒரே பேட்டரி வைத்தால், சக்கரம் மாட்டிக்கொள்ளும் நேரத்தில் வோல்டேஜ் சரிந்து ரிசீவர் ரீசெட் ஆகும். திரும்ப வேண்டிய நேரத்தில் வண்டி காது கேட்காமல் போய்விடும். மோட்டாருக்குத் தனி பேட்டரி, ரிசீவருக்குத் தனி பேட்டரி, இரண்டின் நெகடிவும் ஓரிடத்தில் இணைப்பு, இதுதான் பத்திரமான முறை. வழக்கமான மூன்று பின் சர்வோ கனெக்டர் வழியாக மோட்டாரின் மின்சாரத்தைக் கொண்டுபோகவே கூடாது. அந்தப் பின்கள் மூன்று ஆம்பியருக்கு மேல் தாங்குவதில்லை. மோட்டாருக்கு எக்ஸ்டி60 கனெக்டர், நடுவில் ஒரு ஃபியூஸ். மூன்று பின் ஒயரில் சிக்னலும் எர்த்தும் மட்டும்.

நிரல் எழுதும்போது, பல்ஸை அளக்க ஆர்டுயினோவின் பல்ஸ்இன் கட்டளையை வைத்தால் அது 20 மில்லிநொடி வரை வேறெதையும் செய்யவிடாது; பல்ஸ் வரும்போது மட்டும் நிரலை இடைமறிக்கும் இன்டரப்ட் வைத்து அளப்பதே சரி. பொட்டென்ஷியோமீட்டரின் நிலை 0 முதல் 1023 வரை எண்ணாக வரும். ஸ்டியரிங்கின் முழு அசைவும் 100-க்கும் 920-க்கும் நடுவில் அடங்கும்படி மாட்டுங்கள். அப்புறம் 50-க்குக் கீழோ 970-க்கு மேலோ எண் வந்தால் ஒயர் அறுந்துவிட்டது என்று பொருள். நிரல் உடனே மோட்டாரை நிறுத்த வேண்டும். இந்த இரண்டு வரி இல்லாவிட்டால், அறுந்த ஒயரோடு மோட்டார் முழு பலத்தில் ஒரு ஓரத்துக்குப் போய் ராடை வளைத்துவிடும். சேறும் அதிர்வும் அதிகமுள்ள வண்டிக்குத் தேய்மானமே இல்லாத ஏஎஸ் 5600 காந்த சென்சார் மேல். ஒரு சுற்றுக்கு 4096 நிலைகள், 0.09 பாகைக்கும் நுட்பம்.

செயினிலோ கியரிலோ தொய்வு இருந்தால் ஷாஃப்ட் நடுவில் நிற்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். மோட்டார் தொய்வைக் கடந்து வேகமெடுத்து, இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது. ஏறத்தாழ 1 பாகை வித்தியாசம் வரை மோட்டாரைத் தொடாதே என்று நிரலில் சொல்லிவிட்டால் அடங்கும். அப்படியும் நடுங்கினால், பிழையைப் பார்த்து மோட்டாரை ஓட்டும் பிஐடி கணக்கில், பிழை மாறும் வேகத்துக்கான டி மதிப்பைக் கொஞ்சம் கூட்டலாம். பிழையைச் சேர்த்துக் கூட்டும் ஐ மதிப்பைப் பூஜ்யத்திலேயே விட்டுவிடுங்கள். சக்கரம் கல்லில் மாட்டியிருக்கும் நேரம் முழுக்க அது சேர்த்துவைத்து, விடுபட்டதும் மொத்தமாக வீசும்.

முதல் தடவை இயக்கும்போது லிங்க்கைக் கழற்றிவிட்டு, கையை ஹார்னிலிருந்து தள்ளி வையுங்கள். மோட்டாரின் இரண்டு ஒயரும் மாறியிருந்தால் பிழையைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிக்கொண்டே போய் ஓரத்தில் மோதும். நடுவில் விரல் இருந்தால் 50 கிலோ இழுப்பு விரலில்தான்.

திசை சரியென்று தெரிந்ததும் ஹார்னில் 10 செ.மீ. நீளமுள்ள ஒரு இரும்புப் பட்டையை மாட்டி, அதன் முனையில் விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்கும் டிஜிட்டல் தராசைக் கோத்து, பட்டைக்குச் செங்குத்தாக இருக்கும்படி இழுக்கவிடுங்கள். தராசு 20 கிலோ காட்டினால் 200 கிலோ-செ.மீ. இரண்டு நொடிக்கு மேல் பிடித்துவைக்க வேண்டாம். வேகத்தை அளக்க, வண்டியில் மாட்டி முன்சக்கரங்கள் தரையில் இருக்கும்போது, போனில் நொடிக்கு 240 பிரேம் ஸ்லோ மோஷன் எடுங்கள். ஹார்ன் 60 பாகையைக் கடக்க 60 பிரேம் ஆனால் கால் நொடி. கடைசியாக, வண்டி நிற்கும்போதே ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். பல்ஸ் நின்ற பத்தில் ஒரு நொடிக்குள் நிரல் மோட்டாரை விட்டுவிட வேண்டும். வண்டியின் எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்சும் அதே நேரத்தில் வேலை செய்ய வேண்டும்.